ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

ஓடாமல், எறியாமல், வெயிலில் நிற்காமல், இரண்டு அணியிடமும் திட்டு வாங்குகிற ஒரே ஆள் கிரிக்கெட் ஸ்கோரர். பதினேழு வருஷமாக அந்த ஆள் நான்.

வாரத்தில் ஐந்து நாள் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிங்கப்பூரின் வடக்கே ஒரு மைதானத்தில், கூடாரத்துக்கு அடியில், மடக்கு மேசை முன்னால் உட்கார்ந்து, யார் அடித்தார், யார் அவுட் ஆனார் என்று எழுதுவேன். கூலி ஒரு பொட்டலம் பிரியாணி. ஆட வருகிறவர்கள் கப்பல் பட்டறை வெல்டர்கள், கட்டட வேலை செய்பவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த சிலர். நீங்களும் பிறர் செய்வதை எழுதி வைக்கிற உத்தியோகத்தில் இருந்தால், அதாவது வருகைப் பதிவு எடுப்பவராகவோ, மீட்டிங்கில் குறிப்பு எழுதுபவராகவோ இருந்தால், வந்து பக்கத்தில் உட்காருங்கள். நம் தலையெழுத்து ஒன்றுதான்.

எங்கள் லீக்கில் ஒரு பலகை உண்டு. பெவிலியன் சுவரில், மின்விசிறிக்கு நேர் எதிரே. ஆயிரம் ரன் எடுத்தவர், நூறு விக்கெட் வீழ்த்தியவர், விக்கெட் கீப்பராக நூற்றைம்பது பேரை வெளியேற்றியவர், ஐந்நூறு ஆட்டத்துக்கு நின்ற அம்பயர், ஐந்நூறு ஆட்டத்துக்கு எழுதிய ஸ்கோரர், இவர்கள் பெயரை ஜாலான் புசாரில் ஒரு கடையில் பித்தளைத் தகட்டில் வெட்டி அதில் அறைவோம். ஒன்று குறைந்தாலும் கிடையாது. அந்த விதியை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தது யார் என்று ஞாபகம் இல்லை, அவர் இப்போது ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

எங்கள் ஆட்டக்காரர்கள் முறைப்படி ஓய்வு பெறுவதில்லை. வேலை பெர்மிட் முடிகிறது, வேறு நாட்டுக்கு மாற்றல் வருகிறது, முட்டி போகிறது. எந்தக் கம்பெனியும் "உனக்கு இன்னும் எத்தனை விக்கெட் வேண்டும்?" என்று கேட்டு விமான டிக்கெட் போடுவதில்லை. ஆகவே பலகையில் ஏறியவர்களை விட, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் எனக்கு அதிகம் பழக்கம்.

பெட்டியோடு வந்த பவுலர்

செல்வம் கப்பல் பட்டறையில் வெல்டர், இடது கை வேகப்பந்து. தொண்ணூற்றேழு விக்கெட்டில் இருந்தபோது அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. மாலை விமானம், காலை ஆட்டம். பயணப் பெட்டியையும் பிளாஸ்டிக் கயிறு சுற்றிய ஓர் அட்டைப் பெட்டியையும் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பந்து வீசப் போனான். அட்டைப் பெட்டிக்குள் என்ன இருந்ததோ, நான் கால் நீட்டும்போதெல்லாம் டப்பா சத்தம் கேட்டது.

இரண்டு விக்கெட் விழுந்தது. தொண்ணூற்றொன்பது. கடைசி ஓவரின் கடைசிப் பந்தை பேட்ஸ்மேன் வானத்துக்கு அடித்தான். அது நேராக மிட் ஆனில் நின்ற குமரேசனிடம் இறங்கியது. குமரேசன் செல்வத்தின் அறைத்தோழன், ஆறு வருஷம் மேல் கட்டில் கீழ் கட்டில். ஒரு கேட்சும் விடாதவன். அவன் கைக்குள் விழுந்த பந்து வெளியே வந்தது. செல்வம் அவன் முதுகில் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். டாக்சி போன பிறகு குமரேசன் என் மேசைக்கு வந்து, நான் கேட்காமலேயே சொன்னான்:

"கை நழுவலண்ணே. இவன் போயிட்டா ரூம்ல யாருகிட்ட பேசுறதுன்னு நெனச்சிட்டு நின்னேன், அந்த நேரம் பாத்துப் பந்து வந்துருச்சு."

இடி

ரமேஷ் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தன் மொத்தத்தை என்னிடம் கேட்டு போனில் குறித்துக்கொள்வார். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும் வாரத்தில் கடைசியாக ஆட வந்தார். மனைவியும் வந்திருந்தார். இரண்டு பெண் குழந்தைகளும் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் நின்றபோது மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. உங்களுக்குத் தெரியும், இந்த ஊரில் அது ஒலித்தால் மழை இருக்கிறதோ இல்லையோ மைதானத்தில் ஒரு ஆள் நிற்கக் கூடாது. எல்லாரும் ஓடிவந்தார்கள். ரமேஷ் மட்டும் பிட்ச் நடுவில் மட்டையை ஊன்றி நின்றார். அம்பயர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. பிறகு நிஜமாகவே மழை வந்தது, அதுவும் நாலு மணி வரைக்கும். ஆட்டம் ரத்து. கூடாரத்தின் ஓரத்தில் தலை நனைந்தபடி அவர் நிற்க, மனைவி குழந்தைகளின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டே சமாதானம் சொன்னார்:

"மூணு ரன்தானேங்க, அங்க போய் எடுத்துக்கலாம். இப்ப பாயை மடிங்க."

கிரேன்

அப்துல் காதர் சுழற்பந்து வீச்சாளர், தொண்ணூற்றாறு விக்கெட். நல்ல செய்தி என்ற பெயரில் அவருக்கு ஒரு கெட்ட செய்தி வந்தது: கிரேன் ஓட்டுநர் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இனி ஞாயிறும் வேலை. போதாக்குறைக்கு அவரை ஏற்றிவிட்ட கிரேன் எங்கள் மைதானத்தை ஒட்டி எழும்பிய அடுக்குமாடியில். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் கீழே ஆடுவோம், அவர் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பதில் வந்த பையன் எறிகிற பந்தை எல்லாம் பார்த்தாக வேண்டும். அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். ஒருநாள் அந்தப் பையன் பந்து காலில் பட, எல்.பி. அவுட் கேட்டு எல்லாரும் கத்தினார்கள், அம்பயர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் என் போன் அடித்தது:

"அண்ணே, மேலேருந்து பாத்தேன், பந்து நேரா ஸ்டம்புக்குத்தான் போவுது. அது அவுட்டு. அம்பயர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஒற்றை விரல்

இனி மாரிமுத்து. கட்டட வேலை, கம்பி கட்டுபவர். ஒன்பது வருஷம் இங்கே இருந்தார். தொடக்க ஆட்டக்காரர். சிக்சர் அடித்து நான் பார்த்ததில்லை. ஒன்று, ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. கம்பி கட்டுகிற மாதிரியே முடிச்சு முடிச்சாகச் சேர்ப்பார். அவருடைய பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. புதன்கிழமை ஊருக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆடினார். ஆயிரத்துக்கு முப்பத்திரண்டு பாக்கி.

அவர் ஆடிக்கொண்டே போனார், நான் கூட்டிக்கொண்டே போனேன். வெற்றிக்கு நான்கு ரன் தேவை என்ற நிலையில், தட்டிவிட்டு ஓர் ஒற்றை ரன் ஓடினார். ஓடி முடித்ததும் மட்டையை உயர்த்தினார். ஒன்பது வருஷத்தில் அவர் மட்டையை உயர்த்தி அன்றுதான் பார்த்தேன். நான் கூடாரத்திலிருந்து எழுந்து நின்று, தலையை ஆட்டி, ஒற்றை விரலைக் காட்டினேன்: இன்னும் ஒன்று. என் புத்தகத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. எல்லாரும் சிரித்தார்கள். மாரிமுத்து வெட்கப்பட்டு மட்டையை இறக்கினார். எதிர்முனையில் இருந்தவன் லீக்குக்குப் புதுசு, அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அடுத்த பந்தில் ஒரு பவுண்டரி அடித்து ஆட்டத்தை முடித்து, தான்தான் ஜெயிக்க வைத்ததாகக் குதித்தான்.

மாரிமுத்து கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். "அண்ணே, நான் டார்மிட்டரி லாக்கர் கதவுல எழுதிட்டு வரேன். என் கணக்குல ஆயிரம் வருது. எங்கயாச்சும் ஒண்ணு விட்டுப் போயிருக்கா, ஒரு தடவை பாருங்களேன்" என்றார். பழைய புத்தகங்கள் அத்தனையும் மேசைக்கு அடியில் பெட்டியில்தான் இருந்தன. நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். "லாக்கர் கதவு வேற, லீக் புத்தகம் வேற, மாரிமுத்து. பதினஞ்சு வருஷமா எழுதறேன், என் புத்தகம் தப்பு சொன்னதில்ல" என்றேன். அவர் பெட்டியை ஒரு முறை பார்த்தார்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தேக்கா மேசை

அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, கீப்பர் ராஜு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். இங்கேயே பிறந்தவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆங் மோ கியோவில் வீடு. டாக்டர் அவர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். கீப்பரைப் பார்த்துக் குனியாதே என்றால் என்ன அர்த்தம்? மொத்தம் நூற்று நாற்பத்தொன்பது பேரை வெளியேற்றியிருந்தார். நூற்றைம்பதாவது ஆள் எங்காவது புத்தகத்துக்குள் ஒளிந்திருப்பான் என்று அவருக்கு நம்பிக்கை. சனிக்கிழமை தோறும் பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு தேக்கா சென்டர் சந்தையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையைப் பிடித்தோம். அவர் தோசை வாங்குவார், நான் பக்கம் புரட்டுவேன். எண்ணெய்க் கறை படாமல் புரட்ட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை அவரே ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அந்த ஆட்டத்தில் அவர் பெயரில் ஒரு கேட்ச் இருந்தது. ஆனால் அன்று பாதியிலேயே பந்து விரலில் பட்டு, அவர் கிளினிக்குக் கிளம்பிப் போய்விட்டார். மீதி ஓவருக்குக் கையுறை மாட்டியது வேறு ஆள். கேட்ச் பிடித்ததும் அந்த வேறு ஆள்தான். கீப்பர் என்றாலே ராஜு என்று என் கை பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறது. நூற்று நாற்பத்தொன்பது, நூற்று நாற்பத்தெட்டு ஆயிற்று. அவர் மறைத்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. சட்னியை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"உங்கள தேடச் சொன்னது என் தப்பு லா, பிரதர்."

ஓரத்தில் எழுதிய மீன்

அவர் கை கழுவப் போயிருந்தார். நான் சும்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மாரிமுத்துவின் பழைய ஆட்டம் ஒன்று. பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் "கொடுவா ஒரு கிலோ, இஞ்சி, கறிவேப்பிலை" என்று இருந்தது. ஆட்டத்தின் நடுவில் மனைவி போன் செய்து, திரும்பும்போது தேக்காவில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

இங்கே என் தொழிலின் அசிங்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் எடுத்ததைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். சில நாள் ஒன்று குறையும். ஒழுங்கான ஸ்கோரர் முதல் பந்திலிருந்து தேடுவான். பசியில் இருக்கிற ஸ்கோரர் அந்த ஒன்றை லெக் பை கட்டத்தில் போட்டுவிடுவான். லெக் பை என்பது மட்டையில் படாமல் காலில் பட்டுப் போன பந்துக்கு ஓடுகிற ரன். அணிக்குச் சேரும், எந்த ஆளின் பெயரிலும் சேராது. யாருக்கும் சொந்தமில்லாததால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கூட்டல் சரியாகிவிடும், இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், பிரியாணி ஆறுவதற்குள் சாப்பிடலாம்.

அந்தப் பக்கத்தில் லெக் பை ஒன்று இருந்தது. ஆனால் பவுலருடைய ஓவர் கட்டத்தில் அதற்கான அடையாளம் எங்கேயும் இல்லை. லெக் பை என்றால் நான் கட்டத்தில் முக்கோணம் போடுவேன். முக்கோணத்துக்குப் பதில், பதினாலாவது ஓவரில் யார் பெயரிலும் ஏறாத ஓர் "1" இருந்தது. அதற்கு முந்தைய பந்தில் மாரிமுத்து இரண்டு எடுத்திருக்கிறார், அதற்கு அடுத்த பந்தை எதிர்முனை ஆள் ஆடியிருக்கிறார். அப்படியானால் நடுவில் அந்த ஒன்றை அடித்து ஓடியவர் மாரிமுத்துதான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொடுவா என்று எழுதியிருக்கிறேன், அவர் பெயருக்கு நேரே எழுத வேண்டியதை எழுதவில்லை. அந்த ஒற்றை விரலை எத்தனை பேர் முன்னால் நிமிர்த்திக் காட்டினேன் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. திரும்பி வந்த ராஜு அண்ணனிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"மீனாவது ஒழுங்கா வாங்கிட்டுப் போனீங்களா?"

செயலாளரின் கேள்வி

எங்கள் செயலாளர் சிவநாதன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். குரலை உயர்த்த மாட்டார், அதுவே பயம். அவர் மேசையில் புத்தகத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கேப்டன்கள் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருத்த முடியாது என்று சொல்லுவார், வாதாடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் வாதாடவே இல்லை. மாரிமுத்துவின் பெயரைத் தகட்டில் வெட்டச் சொல்லிவிடலாம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். நன்றி சொல்லி எழுந்தேன். உட்காரச் சொன்னார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொள்ளாமல் தவிர்த்து வந்த கேள்வியைக் கேட்டார்:

"உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை தரம் இப்பிடிச் செய்தனீங்கள்?"

இலுப்பூர் எண்

எத்தனை முறை என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. பத்தா, முப்பதா? ரமேஷின் மூன்று ரன்னைத் தேடினேன். அவருடைய ஆட்டங்களில் சந்தேகமான லெக் பைகள் நாலு இருந்தன. பந்து கட்டங்கள் அத்தனை அடித்தல் திருத்தலாக இருந்ததால், யார் ஓடியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவை அவருடையவையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று. நாலாம் நாள் காலை ஆபீஸ் படிக்கட்டில் நின்று மாரிமுத்துவுக்குப் போன் செய்தேன். இலுப்பூர் பக்கத்தில் ஒரு வீடு கட்டுகிற இடத்தில் இருந்தார். பின்னால் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எழுதி வைத்துப் படிப்பது போல ஒப்பித்தேன். எந்த ஆட்டம், எந்த ஓவர், எங்கே போட்டேன், ஏன் போட்டேன். மீன் உட்பட. மன்னித்துவிடு என்றேன். "அந்த ரன்னா?" என்றார். "அது நல்லா ஞாபகம் இருக்குண்ணே. பாயிண்ட் பக்கம் தட்டிட்டு விழுந்து ஓடினேன். முழங்கையில தோலு போச்சு, இன்னும் தழும்பு இருக்கு." பெயரைப் பலகையில் போடப் போகிறோம், படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். "போடுங்கண்ணே, சந்தோஷம். படம் வேணாம். வீட்டுல ஆயிரம்னு அன்னைக்கே சொல்லிட்டேன், போர்டுல பேரு இருக்குன்னும் சொல்லிட்டேன். எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிருச்சு. இப்பதான் தகடு அடிச்சாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே என் சட்டையைப் பிடித்திருக்கலாமே, ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன். அவர் குரலில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கேட்டேனேண்ணே. பெட்டி உங்க காலடியிலதான் இருந்துச்சு. நீங்க திறக்கவே இல்லையே."

கடைசிப் பக்கம்

தகடு வந்த ஞாயிற்றுக்கிழமை நானே நாற்காலி மேல் ஏறி அறைந்தேன். ராஜு அண்ணன் முட்டி வலியோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு பதினேழு புத்தகங்களையும் சிவநாதனிடம் ஒப்படைத்துவிட்டு, இனி என்னால் எழுத முடியாது என்றேன். நான் எழுதிய ஆட்டங்கள் அன்றோடு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடுத்த வாரம் ஒன்றே ஒன்று எழுதி ஐந்நூறாக்கிவிட்டுப் போகலாமே என்று குமரேசன்தான் கெஞ்சினான். வேண்டாம் என்றேன்.

பலகையில் இப்போது மாரிமுத்து இருக்கிறார், நான் இல்லை. பதினேழு வருஷத்தில் என் கணக்கு ஒரு தடவையாவது சரியாக வந்தது.